ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழி

ஒரு கணினி இன்னொரு கணினியிடம் ஒரு கோப்பைக் கேட்க வேண்டுமென்றால் இரண்டுக்கும் பொதுவான பேச்சுமுறை வேண்டும். புரோட்டோகால் என்பது அதுதான். அந்தப் பேச்சு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்காக ஐரோப்பாவில் பத்தாண்டு வழக்கு நடந்தது.

கதை தொடங்குவது கான்பெராவில். 1991 இறுதியில் ஆராய்ச்சி மாணவரான ஆண்ட்ரூ டிரிட்ஜல், தன் டாஸ் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் கோப்புகளைத் திறக்க விரும்பினார். விளக்க ஏடு கையில் இல்லை. கம்பியில் ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டார். தானும் பதில் அனுப்பிப் பார்த்தார். பிரெஞ்சு தெரியாதவன் பிரெஞ்சு உணவகத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் என்ன தட்டு வருகிறது என்று கவனிப்பதைப் போல என்று பின்னாளில் அவரே விளக்கினார். மைக்ரோசாப்டின் கணினிகளும் அதே பேச்சைத்தான் பேசின என்பது பிறகே அவருக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சின் பெயர் எஸ்.எம்.பி. அவருடைய மென்பொருளின் பெயர் சாம்பா. அந்த மூன்று எழுத்துகளும் வரும் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்த பெயர் அது.

விண்டோஸ் வளர வளரப் பேச்சும் மாறியது. கேட்ட விவரங்களை மைக்ரோசாப்ட் தர மறுக்கிறது என்று 1998இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2004 மார்ச்சில் ஆணையம் 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, 120 நாளில் விவரங்களைக் கொடு என்றது.

கொடுத்தார்களா? 2006 ஜனவரியில், மூல நிரலையே தருகிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆணையம் ஏற்கவில்லை. பேசத் தெரிந்தவனிடம் இலக்கணம் கேட்டால், 'நான் பேசுறதக் கேட்டு நீயே கத்துக்கோ' என்பது போன்ற பதில் அது. கொடுத்த ஆவணங்கள் முழுமையாக இல்லை என்று அந்த ஜூலையில் இன்னும் 28 கோடி யூரோ அபராதம் விழுந்தது.

2007 செப்டம்பரில் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கமே நின்றது. அந்த டிசம்பரில் ஒருமுறைக் கட்டணமாக 10,000 யூரோ பெற்றுக்கொண்டு, ரகசியக் காப்பு நிபந்தனையோடு ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தன. 2008 பிப்ரவரி 21இல் 30,000 பக்கங்களுக்கு மேல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டது மைக்ரோசாப்ட். இதைத் தாராள மனசு என்று சொல்ல முடியுமா? ஆறே நாளில், முந்தைய ஆண்டுகளில் விவரங்களுக்கு அதிக விலை கேட்டதற்காக இன்னொரு 89.9 கோடி யூரோ அபராதம் வந்ததை நினைத்தால் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கட்டாயத்தில் திறந்த கதவும் கதவுதான். 2012 டிசம்பரில் சாம்பா 4 வெளிவந்தபோது, மைக்ரோசாப்டின் ஆவணங்களும் அதனோடு சேர்ந்து செய்த சோதனைகளும் உதவின என்று சாம்பா குழுவே சொன்னது. இருபது ஆண்டுக்கு முன் ஒட்டுக்கேட்டுக் கற்கத் தொடங்கிய மொழியை, இப்போது எதிரே உட்கார்ந்து கேட்டுத் தெளிய முடிந்தது.