சரத்காலமும் டார்ஜிலிங்கும்

தொல்காப்பியர் குறிஞ்சித் திணைக்குக் கூதிரைப் பெரும்பொழுதாக வகுத்திருக்கிறார். வாடைக்காற்றும் இருளும் மழையும் காத்திருப்பும் கூடிய அந்தச் சூழல் அகப்பாடலுக்குப் பொருந்தும், விடுமுறைக்குப் பொருந்தாது. ஐப்பசியில் மூட்டை முடிச்சுகளோடு மலைக்குக் கிளம்பும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் வேரூன்றவில்லை. உதகையும் கொடைக்கானலும் நமக்குச் சித்திரை, வைகாசிக்கு உரியவை. ‘இலையுதிர்காலம்’ என்ற சொல்லே நமக்கு மொழிபெயர்ப்புகள் வழியாகப் பழகியதுதான்.

வங்காளியின் நாட்காட்டி வேறு. மழை ஓய்ந்து வானம் வெளுக்கும் சரத்காலம் அவர்களுக்குத் துர்க்கா பூஜையின் காலம். நாணல் பூக்கும், பவழமல்லி உதிரும், நீதிமன்றங்களும் அலுவலகங்களும் கதவடைக்கும். அந்த விடுமுறையில் கல்கத்தாவின் நடுத்தர வர்க்கம் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறியது. அப்படி வெளியேறியோர் சென்ற இடங்களுள் டார்ஜிலிங்கின் வரலாறு தனிச்சுவை உடையது.

1835இல் சிக்கிம் அரசரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அந்த மலைமுகட்டைப் பெற்றது. சமவெளியின் காய்ச்சலில் வாடும் வெள்ளையர் உடல் தேறுவதற்கான இடம் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் இடைப்பட்ட அந்த முகட்டின் இராணுவ முக்கியத்துவமும் கம்பெனிக்குத் தெரியாததன்று. 1839இல் கண்காணிப்பாளராக வந்த ஆர்ச்சிபால்ட் கேம்பெல் தம் வீட்டருகே 1841இல் தேயிலை விதைகளை ஊன்றினார். நூறு பேராக இருந்த குடிகள் பத்தாண்டுகளில் பத்தாயிரம் ஆயினர் என்பது அவர் தரும் கணக்கு. லெப்சாக்கள் வாழ்ந்த அம்மலைகளுக்குச் சாலை வெட்டவும், காடழிக்கவும், பின்னர் கொழுந்து பறிக்கவும் நேபாளத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்தனர். நகரம் என்று நாம் இன்று காண்பது அவர்கள் முதுகில் ஏறி வந்ததுதான்.

1881இல் மலை ரயில் டார்ஜிலிங்கை அடைந்தது. இரண்டடி அகலத் தண்டவாளம்; 88 கிலோமீட்டர்; வழியில் 2,258 மீட்டர் உயரத்தில் கூம் நிலையம். அதுவரை படகிலும் மாட்டுவண்டியிலும் பல்லக்கிலும் பல நாள் வதைபட்டுச் சென்ற பயணம், குழந்தை குட்டிகளோடு போய்வரக்கூடிய ஒன்றாயிற்று. 1887இல், விக்டோரியாவின் பொன்விழாவை ஒட்டி, இந்தியர்களுக்கென லூயிஸ் ஜூபிலி சானடோரியம் அமைந்தது. வெள்ளையரின் மருந்தாகக் கருதப்பட்ட மலைக்காற்று, இப்படித்தான் பாபுக்களுக்கும் மருந்தாயிற்று.

அவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ஹாவா பதல்’, அதாவது காற்று மாற்றம். வசதி குறைந்தோர் மலைக்குப் போகவில்லை, ‘மேற்கே’ போனார்கள். மதுப்பூர், கிரிடி, சிமுல்தலா, தேவ்கர் ஆகியவை அந்த மேற்கு. அங்கே சந்தையில் எதைக் கண்டாலும் ‘டாம் சீப்’ என்று வியந்ததால், உள்ளூர் மக்கள் இவர்களை ‘டாஞ்சி பாபு’ என்றே அழைத்தார்களாம். விருந்தினரை எடைபோடுவதில் நம்மூர்க்காரர்களுக்கு எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர் அவர்கள்.

இத்தகைய குடும்பப் பயணத்தின் மிக அழகிய ஆவணம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 1887 செப்டம்பரில், இருபத்தாறு வயது ரவீந்திரநாத் தாகூர் டார்ஜிலிங் சேர்ந்ததும் எழுதிய கடிதம் அது. அன்று பத்மா நதிக்குப் பாலம் கிடையாது. (ஹார்டிஞ்ச் பாலம் வந்தது 1915இல்தான்.) இரவில் சாராகாட்டில் நீராவிப் படகு மாற வேண்டும். எண்ணிலடங்காச் சாமான்கள், சில கூலிகள், பெண்கள் பலர், ஆண் என்று அவர் ஒருவரே. கைக்குழந்தையான மகள் பேலா சமர்த்தாக வந்தாள் என்ற தந்தையின் நிம்மதியும் அதில் உண்டு. கவியாவது, சீமான் வீட்டுப் பிள்ளையாவது! பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கும் எந்தக் குடும்பத்தலைவனும் அந்தக் கடிதத்தில் தன்னைக் கண்டுகொள்வான்.

நாம் இதில் கவனிக்க விரும்புவது பெண்களின் எண்ணிக்கையை. அந்தப்புரத்தின் சுவருக்குள் இருந்த பெண்களுக்கு மலைநகரம் நடப்பதற்கு ஒரு வெளியைத் தந்தது. கல்கத்தா வீதியில் இயலாதது இங்கே மால் வீதியில் இயன்றது. ஊரில் எழுதிய விதிகள் ஏழாயிரம் அடி உயரத்தில் சற்றுத் தளர்ந்தன.

தமிழ் வாசகர்களுக்கு இவ்விடத்தில் ஒரு கேள்வி நினைவுக்கு வரும். கல்கத்தாவில் தம்மைக் காண வந்த பாரதியிடம் சகோதரி நிவேதிதை, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டார் என்பது பாரதி வரலாற்றாசிரியர்கள் தவறாமல் பதிவுசெய்யும் செய்தி. அப்படி அழைத்து வரும் வழக்கம் எங்களிடம் இல்லை என்ற பதிலும், அதற்குக் கிடைத்த கண்டிப்பும், பாரதியின் பெண் விடுதலைச் சிந்தனைக்கு வித்தாயின என்பர். 1908இல் வெளியான ‘ஸ்வதேச கீதங்க’ளை அவர் நிவேதிதைக்கே சமர்ப்பித்தார்.

அதே நிவேதிதை, 1911ஆம் ஆண்டுப் பூஜை விடுமுறைக்கு ஜகதீச சந்திர போஸ், அபலா போஸ் தம்பதியருடன் டார்ஜிலிங் சென்றார். துறவுநெறி ஏற்றவருக்கு அவர்களே குடும்பம்; போஸின் நூல்களைச் செப்பம் செய்வதில் ஆண்டுக்கணக்கில் உடன் உழைத்தவர் அவர். ராய் வில்லா என்ற வீட்டில் தங்கியிருந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு கண்டது. விடுமுறைக்கு அங்கே வந்திருந்த மருத்துவர் நீல்ரத்தன் சர்க்கார் சிகிச்சை அளித்தும் பயனில்லை. தம் உடைமைகளைப் பெண்கல்விக்கு எழுதிவைத்துவிட்டு, அக்டோபர் 13 காலையில், நாற்பத்து நான்கு நிறைவதற்குச் சில நாட்கள் முன்னதாக, அவர் மறைந்தார். உடல் தேறுவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஊரில் இது நேர்ந்தது. அப்போது பாரதி புதுவையில் இருந்தார். அந்த வீடு 2013இல் இராமகிருஷ்ண மிஷன் வசம் வந்தது.

1947இன் எல்லைக்கோடு டார்ஜிலிங் செல்லும் நேர்ப்பாதையை வேற்று நாட்டுக்குள் தள்ளியது. ஆயினும் சுற்றி வளைத்தேனும் வங்காளிகள் போனார்கள். 1965இல் சத்யஜித் ரே தம் துப்பறிவாளர் ஃபெலுதாவை முதன்முதலில் உலவவிட்டதும் டார்ஜிலிங்கில்தான். அதற்கு முன்பே, 1962இல், ‘காஞ்சன்ஜங்கா’ வந்துவிட்டது: அவரது முதல் வண்ணப்படம், விடுமுறையின் கடைசிப் பிற்பகலில் ஒரு செல்வக் குடும்பம். பனிமலையைக் காண வந்த குடும்பத்துக்கு மூடுபனி வழிவிடவே இல்லை. இறுதியில் சிகரம் தோன்றும்போது, ராய்பகதூர் பட்டம் பெற்ற குடும்பத்தலைவர் அதைப் பார்க்கும் நிலையில் இல்லை. பார்ப்பதும் பாடுவதும், அவர்கள் பின்னாலேயே காசு கேட்டுத் திரிந்த நேபாளிச் சிறுவன். படத்தின் உச்சம் அந்தச் சிறுவனே என்பது நம் துணிபு. அவனுக்கு அது காட்சி அன்று, வீடு.

நிற்க. விடுமுறையாளர்கள் மறந்துபோகும் ஒன்றுண்டு. வங்காளியின் பூஜை நாட்களே நேபாளிமொழி பேசும் வீடுகளில் தசைன் நாட்கள். தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்துப் பெரியோர் நெற்றியில் திலகமிட, சிதறிய உறவுகளெல்லாம் ஒன்றுகூடும் திருவிழா அது. அந்நாட்களில்தான் பெட்டி சுமப்பவருக்கும், விடுதிச் சமையற்காரருக்கும், வாடகை வண்டி ஓட்டுநருக்கும் ஓய்வே கிடையாது. ஒரு குடும்பம் கூடிக் களிப்பதற்கு இன்னொரு குடும்பத்தின் திருவிழா விலையாகிறது.

தனி நிர்வாகம் வேண்டும் என்று மலைமக்கள் 1907இலேயே மனுக் கொடுத்தனர். 1986இல் கூர்க்காலாந்துப் போராட்டம் வெடித்து, 1988இல் மலை மன்ற உடன்பாட்டில் முடிவதற்குள் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. 2017இல் பள்ளிகளில் வங்கமொழியைக் கட்டாயமாக்கும் அறிவிப்பு மீண்டும் தீயை மூட்டியது. மொழிக்காக வீதியில் இறங்கிய வரலாறுடைய நமக்கு அந்தக் கோபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. சமவெளியில் தம் மொழிக்காக உருகும் வங்காளி, மலையில் வேறொரு மொழி வாழ்வதை ஏனோ கணக்கில் கொள்ளவில்லை.

அவ்வாண்டு ஜூனில் தொடங்கிய கடையடைப்பு 104 நாட்கள் நீடித்தது. கொழுந்து பறிப்பாரின்றித் தேயிலைச் செடிகள் உயர்ந்து வளர்ந்தன. மலை ரயில் நின்றது. செப்டம்பர் 27 காலை கடைகள் திறந்தபோது அன்று பூஜையின் சப்தமி. கல்கத்தாக் குடும்பங்கள் அதற்குள் வேறு ஊர்களுக்குச் சீட்டு எடுத்துவிட்டிருந்தன. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, மலைவீடுகளில் தசைன் திலகம்.