ரங்கூன் துறைமுகத்தில் ஒரு திங்கட்கிழமை

வியாசர்பாடியிலும் எம்.கே.பி. நகரிலும் வளர்ந்தவர்களுக்கு அத்தோ பற்றி விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: தடித்த நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித் தண்ணி, மிளகாய்த் தூள், மேலே நொறுக்கிய பேஜோ. எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் வைப்பார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு இது. இதைப் பற்றி யூட்யூபில் எத்தனையோ வீடியோ இருக்கிறது. அவங்க ஏன் திரும்பி வந்தாங்க என்று கேட்டால் மட்டும், "நே வின் துரத்திட்டான்" என்ற ஒற்றை வரியோடு கதை முடிந்துவிடும்.

அந்த வரி பொய்யில்லை. ஆனால் அது கடைசி அத்தியாயம். சாஃப்ட்வேர் வேலையில் ஒரு பழக்கம் உண்டு: சிஸ்டம் விழுந்த நேரத்தில் வந்த எர்ரரை மட்டும் பார்க்காதே, அதற்கு முந்தைய லாக்கைப் பார் என்பார்கள். இந்தக் கதைக்கான லாக் 1930 மே மாதத்தில் தொடங்குகிறது.

அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகை சுமார் 4 லட்சம், அதில் பாதிக்கும் மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், அரிசி ஆலையில் வேலை செய்தவர்கள், கக்கூஸ் கழுவியவர்கள் எல்லோரும் பெரும்பாலும் மதராஸ் மாகாணத்திலிருந்து கப்பலில் டெக் டிக்கெட்டில் வந்தவர்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். கூலியும் அவர் கை வழியாகத்தான் வரும், பிடித்தம் போக. கப்பல் நிறுவனங்கள் மேஸ்திரியோடு பேசினால் போதும், தொழிலாளியின் முகம் தெரிய வேண்டியதில்லை.

அந்த மே மாதம் துறைமுகத்துத் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சரக்கு ஏற்றி இறக்கும் நிறுவனங்கள் அவர்களுக்குப் பதிலாக பர்மியர்களை இறக்கின. அதுவரை அந்த வேலைக்குள் நுழையவே வழியில்லாதவர்கள் அவர்கள். டெல்டாவில் நெல் விலை சரிந்து, ஊரில் வேலை இல்லாமல் நகரத்துக்கு வந்தவர்களும் அந்தக் காலத்தில் நிறைய. இரண்டு வாரத்துக்கு மேல் வேலை நடந்தது. பிறகு நிறுவனங்கள் கூலியைக் கூட்டித்தர ஒப்புக்கொண்டு பழைய ஆட்களோடு சமரசம் செய்துகொண்டன. புதியவர்களிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மே 26, திங்கட்கிழமை காலை, இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் வேலைக்கு வந்து நின்றன. பர்மியர்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். திரும்பி நடந்தவர்களை இந்தியத் தொழிலாளர்கள் கிண்டல் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அங்கே தொடங்கிய அடிதடி நகரம் முழுக்கப் பரவி சில நாட்கள் ஓடியது. 100 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். நிறுவனங்களின் ஆபீஸ் மீது ஒரு கல் விழுந்ததாகக்கூட நான் எங்கும் படிக்கவில்லை.

எனக்கு இந்த ஒரு நாள் போதும். பின்னால் வந்தது எல்லாமே அந்தக் காலையில் இருக்கிறது. இரண்டு ஏழைக் கூட்டத்தை ஒரே வாசலில் நிறுத்திவிட்டு, கதவை மூடியவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

ஆனால் "பாவம் தமிழன், போன இடமெல்லாம் அடி வாங்கினான்" என்று இதோடு முடித்துக்கொள்ளவும் முடியாது. பர்மியர்களின் கோபத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியானபோது, கடன் வாங்கிய விவசாயிகளால் வட்டி கட்ட முடியவில்லை. கடன் கொடுத்திருந்தவர்கள் நம்ம நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். அவர்களுக்கு நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் நிலம்தான் வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீதம் செட்டியார் கையில் இருந்தது. 1930களின் முடிவில் 25 சதவீதம். தன் நிலத்திலேயே குத்தகைக்காரனாகிப்போன ஒருவனிடம் போய், "செட்டியார் வேற, மூட்டை தூக்குற கூலி வேற" என்று யார் வகுப்பெடுக்க முடியும்? அவனுக்கு இரண்டு பேருமே "கலா". இந்தியர்களைக் குறிக்கும் அந்தச் சொல், சொல்கிற தொனியைப் பொறுத்து வசவாகவும் மாறும். 'பராசக்தி' குணசேகரன் ரங்கூனிலிருந்துதான் வந்தான். அங்கே நமக்கு இருந்த பாக்கிக் கணக்கைப் பற்றி அந்தப் படத்துக்குக் கவலையில்லை, நமக்கும் இருந்ததில்லை.

கோபம் எங்கும் உண்டு. அதை ஓட்டாகவும் பதவியாகவும் மாற்றுவதற்குத்தான் ஆள் வேண்டும். 1937 ஏப்ரல் 1ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்து தனி நிர்வாகம் ஆனது. பா மாவ் முதல் பிரதமர். அவர் கட்சியின் பெயரே ஏழைகள் கட்சி. கூட்டணியை நம்பி ஓடிய ஆட்சி. எதிரணியில் யூ சா, கையில் 'சன்' பத்திரிகை. 1938ல், பௌத்தத்தை இழிவாகப் பேசியதாக ஒரு முஸ்லிம் எழுத்தாளரின் பழைய புத்தகம் கிளப்பிவிடப்பட்டது. பத்திரிகைகள் ஊதின. ஜூலை 26 அன்று ஷ்வேடகோன் பகோடாவில் கூட்டம், பிறகு கடைவீதியை நோக்கி ஊர்வலம், தடியடி, கலவரம். இந்த முறை குறி பெரும்பாலும் இந்திய முஸ்லிம்கள். விசாரணைக் குழு, மதத்துக்குப் பின்னால் நிலமும் வேலையும் குடியேற்றமும் இருப்பதையும், பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் செய்த வேலையையும் எழுதி வைத்தது. 1939 பிப்ரவரியில் பா மாவ் ஆட்சி கவிழ்ந்தது. 1940ல் யூ சா பிரதமர். நில உச்சவரம்போ கடன் தீர்வோ கேட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் அங்கே போய்ச் சேர்ந்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

1942ல் ஜப்பான் படை வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் பல்லாயிரம். 1962ல் நே வின். கடைகள் தேசியமயம். 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் கப்பலேறி வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒரு பகுதிதான் வியாசர்பாடியில் குடியேறியது. துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜார் முளைத்ததும் அப்படித்தான்.

அவர்கள் இங்கே குடிசை போட்டுக்கொண்டிருந்த அதே வருடங்களில், பம்பாயில் இன்னொரு தமிழர் கூட்டத்துக்கு அதே பாடம் தொடங்கியது. 'மார்மிக்' வார இதழ், கம்பெனிகளில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு அச்சிட்டது. 1966 ஜூன் 19ல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் கல்லடி வாங்கின. 1967ல் தாணே நகராட்சித் தேர்தலில் 40க்கு 17 இடம். 1968ல் பம்பாய் மாநகராட்சியில் 140க்கு 42. மராத்தி இளைஞர்களுக்கு வேலை இல்லை என்பது உண்மையான பிரச்சினை. ஆனால் அந்தக் கோபம் மில் முதலாளியின் வாசலுக்குப் போனதைவிட இட்லிக் கடைக்குத்தான் அதிகம் போனது. இட்லிக் கடைதான் வார்டுக்குள்ளே இருக்கிறது. வார்டு தேர்தலுக்குப் பக்கத்தில் இருப்பவனே வசதியான எதிரி.

இப்போது நம் பக்கம். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பாட்னாவில் அது சட்டமன்ற அரசியலானது, பீகாரிலிருந்து ஒரு குழுவே இங்கே விசாரிக்க வந்தது. வீடியோ பொய். ஆனால் "வடக்கன்" என்ற சொல் பொய்யில்லை, அது டீக்கடையிலும் மீமிலும் தாராளமாகப் புழங்குகிறது. அத்தோ கடை நடத்தும் பர்மா குடும்பத்துப் பேரன்களும் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிற பையன்களுக்கு நிரந்தர வேலை இல்லை என்பதும் உண்மை. வடசென்னைப் பையனை வைத்தால் சங்கம் வைப்பான், ஊர்த் திருவிழாவுக்கு லீவு கேட்பான் என்று கான்ட்ராக்டர் கணக்குப் போடுவதும் நடக்கிறது. மாநகராட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2022 பிப்ரவரியில். அடுத்தது வரும்போது இந்தச் சொல் வார்டு மேடைகளில் எவ்வளவு தூரம் போகிறது என்று கவனிக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 30, எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்தில் நின்ற இரும்புச் சாரம் சரிந்து 9 பேர் செத்தார்கள். அஸ்ஸாம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அரசு நிறுவனத்தின் திட்டம், கட்டுவது ஒரு பெரிய நிறுவனம். இப்படிப்பட்ட இடங்களில் அதற்குக் கீழே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே சப் கான்ட்ராக்டர், கடைசியில் ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவரும் ஒருவர் இருப்பார். அவரைத் தொழிலாளர்கள் கூப்பிடுவது டேக்கேதார் என்று. ரங்கூனில் அவர் பெயர் மேஸ்திரி.