சீட்டும் ஓட்டும்

நான் பள்ளி ஆசிரியர். பொன்னேரிப் பக்கத்துக்காரன். தேர்தல் வந்தால் எங்களுக்கு வாக்குச்சாவடி வேலை கட்டாயம் உண்டு. 2006 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்துப் பள்ளிக்கூடம் எனக்கு வந்தது. விரலில் மை வைக்கிற மேசை என்னுடையது. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு பெரியவர் வந்தார். கையை நீட்டிக்கொண்டே கேட்டார்:

"சார், ஏரியில சீட்டு எடுத்தா எனக்குன்னு ஒரு நாள் வரும். இந்தப் பொட்டியில எங்காளுக்கு எப்ப சார் முறை வரும்?"

அன்றைக்குச் சிரித்துவிட்டு மையை வைத்து அனுப்பிவிட்டேன். அது விளையாட்டுக் கேள்வி இல்லை என்பது புரிய எனக்குச் சில வருஷம் ஆனது.

முதலில் அவர் சொன்ன சீட்டு. கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில்தான் இறால் அதிகம் படும். அங்கே இடம் கொஞ்சம், வலை ஜாஸ்தி. எல்லாரும் ஒரே நாளில் வலை கட்டினால் யாருக்கும் ஒன்றும் தேறாது; அடிதடிதான் மிஞ்சும். அதற்குக் குப்பங்கள் கண்ட வழி 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் இந்த முறையில் பழம் பங்காளிகள். எந்த ஊருக்கு எந்த இடம், எந்த நாள் என்பது சுற்றிச் சுற்றி வரும். ஊருக்குள்ளே யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். தலைக்கட்டு வரி கட்டும் ஆம்பளைகளின் பெயர் மட்டும்தான் அதில் இருக்கும். பணக்காரன், ஏழை, ஊர்ப் பெரியதனக்காரன் யாரானாலும் ஆளுக்கு ஒரு பெயர், ஒரு முறை. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதே 'பாடு' என்ற பெயரில் சீட்டு எடுக்கிற வழக்கம் உண்டு.

இதைக் கேட்டதும் படித்தவர்களுக்கு உத்திரமேரூர் ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை. முப்பது குடும்புகள், ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. 'ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தமிழன் ஓட்டுப் போட்டான்' என்று நாம் மேடையில் பேசுகிறோம். உண்மையில் அது ஓட்டு இல்லை, சீட்டு. பாட்டுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம். குடத்தில் பெயர் விழவே தகுதி வேண்டும்: கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் படிப்பு. கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவனுடைய உறவுக்காரனுக்கும் இல்லை. மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவனுக்கும் இல்லை.

அதாவது, குடத்துக்குள் போனபின் எல்லாரும் சமம். குடத்துக்குள் போக விடுவதில்தான் வித்தியாசம். ஏரியிலும் அப்படித்தான். பாட்டில் பட்டினவர் அல்லாதவருக்கு இடமில்லை. ஏரியில் மீன் பிடிக்கும் தலித் மக்களுக்கு இல்லை. கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கு இல்லை. பெண்களுக்கும் இல்லை. இறால் ஏற்றுமதிச் சரக்காகி விலை ஏறிய பிறகு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் பங்கு கேட்டார்கள். கேட்ட இடத்தில் சண்டையும் வந்தது. பெரியவர் பெருமையோடு சொன்ன சீட்டில் இந்தப் பக்கமும் உண்டு.

இனி ஓட்டுப் பெட்டிக்கு வருவோம். 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இந்த இரண்டு ஆட்சியிலும் குப்பத்தாரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிற்பாடு வந்த மாகாணச் சட்டசபைத் தேர்தல்களில் சொத்தும் வரியும் இருந்தவர்களுக்குத்தான் ஓட்டு. கட்டுமரமும் வலையும் வைத்திருந்தவன் அந்தக் கணக்கில் சேர்வது அபூர்வம். 1952 பொதுத்தேர்தலில்தான் பட்டினவர், தலித், இருளர், ஆண், பெண் என்று ஏரிக்கரை மொத்தமும் ஒரே வரிசையில் நின்றது. ஏரி செய்யாததை ஓட்டு செய்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

1957இல் பொன்னேரி இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் சட்டசபைக்குப் போனார்கள். ஒன்று பொது இடம், மற்றது ஒதுக்கப்பட்ட இடம். 1961இல் நாடாளுமன்றம் இரட்டை உறுப்பினர் முறையை ஒழித்தது. அதற்குப் பிறகு பொன்னேரி தனித்தொகுதி. தலித் மக்கள் கணிசமாக வாழும் வட்டாரம் இது, ஒதுக்கீட்டில் நியாயம் இருக்கிறது. எந்த மக்களுக்கு ஏரியின் சீட்டில் பெயர் இல்லையோ அவர்களுக்குத்தான் சட்டசபை நாற்காலி என்பதில் ஒரு கணக்குத் தீர்ந்ததுபோலவும் எனக்குத் தோன்றும்.

ஆனால் பெரியவரின் கேள்வி அப்படியே நிற்கிறது. பட்டினவர் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பொன்னேரியில் அவர்கள் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. மக்களவைக்கு இவர்கள் ஓட்டுப் போடுகிற திருவள்ளூரும் தனித்தொகுதி. ஏரியின் வடகரையில் ஆந்திரத்தின் சூளூர்பேட்டை, அதற்கு மேல் திருப்பதி மக்களவைத் தொகுதி, இரண்டும் தனி. இருளர் நிலைமை இன்னும் மோசம். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை ஏற்காடு, சேந்தமங்கலம் இரண்டே. இரண்டும் மலை. ஏரிக்கரையில் சிதறி வாழும் இருளர் எந்தத் தொகுதியிலும் எண்ணிக்கையாகத் திரள்வதில்லை.

போதாததற்கு ஏரியே இரண்டாகப் பிரிந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானது. பட்டாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1இல் எல்லை திருத்தப்பட்டது. திருத்தணி வந்த கதையை நாம் கொண்டாடுகிறோம். அதே நாளில் பொன்னேரி வட்டத்து ஊர்கள் பல அந்தப் பக்கம் போனதை அவ்வளவாகப் பேசுவதில்லை. இன்று ஏரிப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவே தமிழ்நாட்டில் இருக்கிறது. மீனுக்கு எல்லை தெரியாது. வலைக்குத் தெரிந்தாக வேண்டும். எல்லைத் தகராறு வந்தால் இரண்டு மாநில அரசுகளும் பேசியாக வேண்டும்; இரண்டு சட்டசபையிலும் ஏரிக்காரர் சிறுபான்மை.

கட்சிகளின் கதை தமிழ்நாட்டின் கதைதான். காங்கிரஸ், பிறகு திமுக, பிறகு எம்.ஜி.ஆர். 1964இல் வந்த 'படகோட்டி'யைக் குப்பத்து ஜனங்கள் தங்கள் வீட்டுப் படமாகவே பார்த்தார்கள்; இரட்டை இலை அங்கே ஆழமாக வேர் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1989இலும் 1996இலும் திமுகவின் க. சுந்தரம். நான் மை வைத்த 2006இல் அதிமுகவின் பலராமன் ஜெயித்தார், ஆட்சியோ திமுகவுக்குப் போனது. 2011இல் பொன். ராஜா, 2016இல் மறுபடி பலராமன், 2021இல் காங்கிரஸின் துரை சந்திரசேகர். யார் வந்தாலும் குப்பத்தில் கேட்கிற கோரிக்கை ஒன்றுதான்: "முகத்துவாரத்த தூர்ந்து போகாம நெரந்தரமா தொறந்து வைங்க." மணல் அடைத்துக்கொண்டால் இறால் உள்ளே வராது, படகு வெளியே போகாது.

ஒருமுறை மட்டும் ஏரி மாநில அளவில் தேர்தல் பேச்சானது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை அதானி நிறுவனம் 2018இல் வாங்கியது. 330 ஏக்கர் துறைமுகத்தை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் வந்தது. 2021 ஜனவரியில் நடக்க இருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போனது. விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று திமுக தேர்தல் அறிக்கையில் எழுதியது, ஜெயித்தது. 2023 செப்டம்பரில் மறுபடி கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. தள்ளிப்போவது வேறு, கைவிடப்படுவது வேறு. அந்த வித்தியாசம் குப்பத்தாருக்கு நன்றாகத் தெரியும்.

2024 மக்களவைத் தேர்தலில் திருவள்ளூரில் சசிகாந்த் செந்தில் 5 லட்சத்து 72 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். மாநிலத்திலேயே பெரிய வித்தியாசம் அது. அவர் வென்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் ஏரிக்கரை ஊர்கள் மொத்தமும் மாற்றிப் போட்டிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. சீட்டில் ஒரு பெயருக்கு ஒரு நாள் நிச்சயம். ஓட்டில் ஒரு பெயருக்கு நிச்சயம் எதுவுமில்லை, எண்ணிக்கைதான் பேசும்.

பெரியவருக்கு இன்று பதில் சொல்வதானால் உள்ளாட்சியைக் காட்டுவேன். ஊராட்சியில் மீனவர் நிற்கலாம், இருளர் நிற்கலாம், பெண்கள் நிற்கலாம். அங்கே ஒதுக்கீடும் ஒரே இடத்தில் நிற்காமல் சுழல்கிறது. கிட்டத்தட்ட பாடு மாதிரி. குடத்தின் வாயை அகலமாக்கி, முறையையும் விடாமல் வைத்த ஒரே பெட்டி அதுதான். ஆனால் 2016இல் நடக்க வேண்டிய தேர்தல் எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தபோதும் அடுத்த தேர்தல் நடந்திருக்கவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின.

சீசன் வந்துவிட்டால் சீட்டு எடுப்பதைக் குப்பத்தில் யாரும் மூணு வருஷம் தள்ளிவைக்க முடியாது. வீட்டில் உலை வைக்க வேண்டுமே.