மண் ரோட்டைக் காத்த பத்துப் பேர்

குழுக் கூட்டத்துல ரோடு பத்திப் பேச்சு வந்தா, "எப்போ போடுவாங்க?"ன்னுதான் கேட்போம். "போட்டதை யார் பார்த்துக்கிறது?"ன்னு கேட்பது குறைவு. இந்தக் கேள்விக்குப் பெண்களே பதிலான ஒரு வரலாறு வங்கதேசத்தில் உண்டு. சேமிப்பில் தொடங்கி வளர்ந்த நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் பூமி அது. கிராமத்து ரோடு என்றால் பெரும்பாலும் வயலைவிட உயரமாக மண் கொட்டிப் போட்ட கரைதான். மழை ஓரத்தை அரித்துவிடும். இன்னைக்கு நாலு கூடை மண்ணுல அடைபடுற அரிப்பை அப்படியே விட்டா, அடுத்த மழையில ரோடே துண்டாகிப் போகும். பிறகு ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போறது எப்படி?

1983-ல் கேர் நிறுவனம், கனடா அரசின் உதவியோடு ஊரகச் சாலைப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பல கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சி அமைப்புக்கு அங்கே யூனியன் என்று பெயர். ஒரு யூனியனுக்குப் பத்துப் பெண்கள். அவர்கள் பொறுப்பில் சுமார் 24 கிலோமீட்டர் மண் ரோடு. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், தனியாளாகக் குடும்பத்தைச் சுமந்தவர்கள்தான் இந்த வேலைக்கு எடுக்கப்பட்டார்கள்.

ரோடு கெட்ட பிறகு போய்ச் சரிசெய்யும் வேலை இல்லை இது. வருஷம் முழுக்கப் பார்த்துக்கிட்டே இருக்கணும். பள்ளத்தில் மண் போட்டு இடிச்சு இறுக்கணும். நடுவைக் கொஞ்சம் மேடாக வெச்சு, ரெண்டு பக்கமும் தண்ணி வழிய விடணும். சரிவில் புல் பதிச்சா வேர் மண்ணைப் பிடிச்சுக்கும்.

பெண் வீட்டைவிட்டு வெளியே வருவதையே குறையாகப் பேசிய ஊர்களில், இவர்கள் நடுரோட்டில் மண்வெட்டியோடு நின்றார்கள். ஏச்சையும் கேட்டார்கள், வேலையையும் விடவில்லை.

இதை யாரும் இலவசச் சேவையாகக் கேட்கவில்லை. கூலி கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கு கட்டாயச் சேமிப்பு. நாலு வருஷம் முடிந்தால் அந்த இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விடும். கூலி நின்றால் அடுப்பு எரியணுமே! அதற்காகவே கணக்கு வைக்கவும் சிறுதொழில் நடத்தவும் பயிற்சி தந்தார்கள். சேர்ந்த பணம் ஆடாக, கோழியாக, சின்ன வியாபாரமாக மாறியது. பின்னாளில் அந்நாட்டு அரசுத் துறையும் இதே முறையில் பெண்களை வைத்துக் கிராமச் சாலைகளைப் பராமரித்தது.

சகோதரிகளே, கிராமசபையில் ரோடு கேட்கும்போது இன்னும் ரெண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: அதைப் பார்த்துக்கப் போறது யாரு? அவங்களுக்குக் கூலி எவ்வளவு?