பட்டம் மறுத்த விதி

தேர்வு எதற்கு? அறிவை அளக்க. ஆனால், அறிவை அளந்த பின்னும் மதத்தைக் கேட்ட பல்கலைக் கழகம் உண்டு, தோழர்களே!

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், 1837-இல், கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றார் சில்வெஸ்டர். பட்டம் தந்தனரா? இல்லை! பட்டம் பெறுவோர் ஆங்கிலத் திருச்சபையினராக இருத்தல் வேண்டும் என்றது விதி, அவரோ யூதர். 1841-இல் டப்ளின் டிரினிடி கல்லூரிதான் அவருக்கு இளங்கலை, முதுகலைப் பட்டங்களை வழங்கிற்று. 1871-இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி, இறையியல் நீங்கலான பட்டங்களுக்குச் சமயச் சோதனையை ஒழித்தது. அதன் பின்னரே, 1872-இல், கேம்பிரிட்ஜ் பட்டமளித்தது. முப்பத்தைந்து ஆண்டுத் தாமதம்!

விதி என்றதும் தலைவிதி எனத் தளர்வதா? மனிதன் வகுத்தான், மனிதனே மாற்றினான். எந்த விதியையும் கேளுங்கள்: நீ அளப்பது அறிவையா, பிறப்பையா?