இசைத்தட்டு வேட்டை: அதிகம் அறியப்படாத ஹிப் ஹாப்பின் கதை

ஹிப் ஹாப் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது படபடவென்று கொட்டும் ராப் பாட்டும், தொளதொள சட்டையும், கழுத்தில் தடித்த சங்கிலியும்தான். ஆனால் அந்த இசைக்கு அடித்தளம் போட்டவர்கள் பாடகர்கள் அல்ல. பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்த டிஜேக்கள். பிற்காலத்தில் ஹிப் ஹாப் இசைத்தட்டுகளே தேடிச் சேர்க்கும் பொருளாகிவிட்டன. சில நூறு பிரதிகள் மட்டுமே அச்சான, வானொலியில் ஒரு முறைகூட ஒலிக்காத ராப் இசைத்தட்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஜப்பானிலும் ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

தண்ணீரில் ஊறிய லேபிள்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு நடன விருந்து. பள்ளி திறக்கப் போகிறது, புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஏற்பாடு செய்தது. இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ். டிஜே கூல் ஹெர்க் என்று பின்னாளில் உலகம் அறிந்த அவருக்கு அப்போது வயது 18.

பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் எல்லாம் அடங்கி, டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதை ஹெர்க் கவனித்தார். அதற்குப் பெயர் 'பிரேக்'. ஒரே இசைத்தட்டை இரண்டு பிரதிகள் வாங்கி, ஒன்றில் பிரேக் முடிந்ததும் மற்றதில் தொடங்கி, சில நொடிகளைப் பல நிமிடங்களாக நீட்டினார். இன்க்ரெடிபிள் போங்கோ பேண்ட் 1973-இல் வெளியிட்ட 'அப்பாச்சி' இப்படிப் புகழ் பெற்றதுதான். கடையில் கேட்பாரற்றுக் கிடந்த தட்டு, பிராங்க்ஸ் விருந்துகளின் தேசிய கீதம் போலவே ஆகிவிட்டது.

நல்ல பிரேக் எந்தத் தட்டில் இருக்கிறது என்பதுதான் ஒரு டிஜேயின் மூலதனம். பெயர் தெரிந்தால் பக்கத்துத் தெருக்காரர் நாளைக்கே வாங்கிவிடுவார். எனவே ஹெர்க் தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளைக் கழற்றிவிட்டார். அவர் பிறந்த ஜமைக்காவில், ஒலிபெருக்கி கட்டித் தெருவில் போட்டி போட்ட சவுண்ட் சிஸ்டம் குழுக்களிடம் ஏற்கெனவே இருந்த தந்திரம் இது. மற்ற டிஜேக்களும் பின்பற்றினார்கள்.

போட்டிக்கு இது சரிதான். ஆனால் லேபிளோடு சேர்ந்து இன்னொன்றும் போனது: அந்த டிரம்ஸை வாசித்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ளும் வழி.

ரகசியம் கடைக்கு வந்தது

1986-இல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற தொகுப்பு வரிசை வரத் தொடங்கியது. வெளியிட்டவர்கள் லென்னி ராபர்ட்ஸும் லூ புளோரஸும். பத்தாண்டுகளாக டிஜேக்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் ஒரே தட்டில்! 1991-க்குள் 25 தொகுதிகள் வந்தன. அவரவர் உழைத்துக் கண்டுபிடித்ததைக் கடையில் வைத்து விற்கிறார்களே என்று பழைய டிஜேக்களுக்கு எரிச்சல். பணம் இல்லாத இளைஞர்களுக்கோ இது பெரிய வரம்.

முதல் தொகுதியிலேயே 'ஆமென், பிரதர்' என்ற பாட்டு இருந்தது. தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-இல் ஒரு சிங்கிள் தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காகப் போட்டது. அதில் கிரெகரி கோல்மன் வாசித்த டிரம்ஸ் வெறும் ஆறேழு நொடிதான். அது பின்னர் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. இங்கிலாந்தில் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற இசை வகைகளே அதன் மேல்தான் எழுந்தன. கோல்மனுக்கு அதிலிருந்து ராயல்டியாக ஒரு காசுகூட வரவில்லை. 2006-இல் வறுமையில் இறந்துபோனார்.

பத்து நொடி இயந்திரமும் ஒரு தீர்ப்பும்

1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர், பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சேமித்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தது. மொத்தக் கொள்ளளவே சுமார் பத்து நொடிதான்! இடத்தை மிச்சப்படுத்த 33 வேகத் தட்டை 45 வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்து, பிறகு இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். 90களின் நியூயார்க் ஹிப் ஹாப்பில் கேட்கும் கரகரப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

1991 டிசம்பரில் வந்த ஒரு தீர்ப்பு எல்லாவற்றையும் மாற்றியது. கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டை அனுமதி இல்லாமல் எடுத்தாண்டதாக பிஸ் மார்க்கி மீது தொடரப்பட்ட வழக்கில், அவருடைய ஆல்பத்தின் விற்பனையை நியூயார்க் நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. அதன் பிறகு புகழ்பெற்ற பாட்டிலிருந்து துண்டு எடுப்பது செலவும் ஆபத்தும் நிறைந்த வேலை ஆனது. தயாரிப்பாளர்கள் யாருக்கும் தெரியாத தட்டுகள் பக்கம் திரும்பினார்கள். பழைய கடைகளின் நிலவறைகளில் குனிந்து உட்கார்ந்து, கை கறுக்கத் தட்டுகளைப் புரட்டும் இந்த வேலைக்கு 'கிரேட் டிக்கிங்' என்று பெயர். பெட்டி பெட்டியாகத் தோண்டுவது என்று வைத்துக்கொள்ளலாம். டிஜே ஷேடோ 1996-இல் வெளியிட்ட 'எண்ட்ரோடியூசிங்' ஆல்பம் முழுக்க முழுக்க இப்படித் தோண்டி எடுத்த துண்டுகளால் ஆனது. அதன் அட்டையில் இருப்பதும் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் இருந்த ஒரு பழைய இசைத்தட்டுக் கடைதான்.

'ராண்டம் ராப்'

இதுவரை சொன்னது ஹிப் ஹாப்காரர்கள் சேர்த்த தட்டுகளின் கதை. அவர்களே வெளியிட்ட தட்டுகளின் கதை இன்னும் சோகமானது.

80களின் பிற்பகுதியிலும் 90களின் முற்பகுதியிலும் அமெரிக்காவின் சிறு நகரங்களில்கூட இளைஞர்கள் சொந்தக் காசைப் போட்டு ராப் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். ஒரு 12 அங்குலத் தட்டு, சில நூறு பிரதிகள். அட்டைப்படம் அச்சடிக்கப் பணம் கிடையாது. வெறும் வெள்ளை உறை, நடுவில் லேபிள், தொடர்புக்கு ஒரு தொலைபேசி எண். கார் டிக்கியில் வைத்து விற்றார்கள், உள்ளூர் கடையில் கொடுத்தார்கள். பெரிய நிறுவனம் ஒன்று கூப்பிடும் என்று காத்திருந்தார்கள். பெரும்பாலும் யாரும் கூப்பிடவில்லை. விற்காத பெட்டிகள் வீட்டு மூலையிலோ குப்பையிலோ போய்ச் சேர்ந்தன.

பெயர் தெரியாத இந்தக் குழுக்களின் தட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'ராண்டம் ராப்'. ஈபே 1995-இலும் டிஸ்காக்ஸ் 2000-இலும் வந்த பிறகு வேட்டை சூடு பிடித்தது. எந்த ஊர், எந்த வருடம், எத்தனை பிரதி என்று ரசிகர்களே பட்டியல் போட்டார்கள். அசலா நகலா என்று பார்க்கவும் முறை உண்டு. தட்டின் உள்விளிம்பில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வழவழப்பான வளையத்தில், தொழிற்சாலை பொறித்த எண் இருக்கும். கள்ளப் பதிப்புகளில் அது பெரும்பாலும் மாறியிருக்கும்.

அரிய தட்டுகளில் பேர் பெற்றது 1983-இல் வந்த 'பீட் பாப்'. பாடியவர்கள் ராமெல்ஸியும் கே-ராபும். தயாரித்து அட்டைப்படம் வரைந்தவர் ஓவியர் ழான்-மிஷெல் பாஸ்கியா. முதல் பதிப்பு 500 பிரதிகள்தான் என்பதால் இன்று ஓவியச் சந்தையில் அது ஆயிரக்கணக்கான டாலர் பெறும் பொருள்.

பணம் யாருக்கு?

இந்த வேட்டையில் ஒரு நெருடல் உண்டு. ஒரு பழைய தட்டு 500 டாலருக்குக் கைமாறும்போது லாபம் விற்பவருக்கு மட்டுமே. அதில் பாடியவருக்கு ஒன்றும் இல்லை. தன் தட்டை யாரோ தேடுகிறார்கள் என்ற விவரமே அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அரிதாக இருப்பதையே பெருமையாக நினைக்கும் சேகரிப்பாளருக்கு அது மீண்டும் அச்சாவதிலும் விருப்பம் இருக்காது. லேபிளைக் கழற்றிய பழைய பழக்கத்தின் மிச்சம் இது.

ஆனால் எல்லோரும் அப்படி இல்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர்கள் சிலர் 'டிகர்ஸ் வித் கிராட்டிட்யூட்' என்ற சிறு நிறுவனத்தை 2000களில் தொடங்கினார்கள். நன்றியுள்ள தோண்டுபவர்கள் என்று பொருள். அந்தக் காலத்து ராப் கலைஞர்களைத் தேடிப் பிடித்து, வெளிவராமல் ஒலிநாடாவில் கிடந்த பாட்டுகளை அவர்களுடைய சம்மதத்துடன் சில நூறு பிரதிகளாக வெளியிட்டார்கள். இங்கிலாந்தின் சாப்ட் ஹெர்ரிங், அமெரிக்காவின் மில்வாக்கியில் டோப் ஃபோக்ஸ் போன்றவையும் இதே வழியில் இறங்கின. 2007-இல் கார்னெல் பல்கலைக்கழகம் தொடங்கிய ஹிப் ஹாப் ஆவணக் காப்பகத்துக்கும் அடித்தளம், யோஹான் குகெல்பெர்க் என்ற தனிமனிதர் சேர்த்துக் கொடுத்த தட்டுகளும் துண்டறிக்கைகளும் புகைப்படங்களும்தான்.

2015-இல் இன்னொன்று நடந்தது. 'ஆமென், பிரதர்' குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்காக இங்கிலாந்து ரசிகர்கள் இணையத்தில் பணம் திரட்டினார்கள். சுமார் 24,000 பவுண்டு சேர்ந்தது. சட்டப்படி யாரும் கொடுக்க வேண்டிய பணம் அல்ல அது. கோல்மன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

இசை நிறுவனங்கள் கைவிட்ட ஒரு தலைமுறையின் பாட்டுகள் இன்றைக்குக் கேட்கக் கிடைக்கின்றன என்றால், அதற்குக் காரணம் இந்தச் சேகரிப்பாளர்கள்தான். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதே. ஆனால் தட்டை அலமாரியில் அடுக்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. லேபிளில் இருக்கும் அந்தத் தொலைபேசி எண்ணுக்கு உரியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தேடுவதும் இந்த வேட்டையின் பகுதிதான்.