குளியாளின் காலளவு

மன்னார் நகரிலிருந்து பள்ளிமுனைக்குச் செல்லும் வீதியோரத்தில் ஒரு பெருக்கமரம் நிற்கிறது. உயரத்தில் அது பனைக்கு ஈடாகாது; பருமனிலோ அதற்கு இணையான மரத்தை இலங்கையிற் காண்பது அரிது. அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேற்பட்டது. ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை முன்னாளில் அராபிய வணிகர் இங்கே கொணர்ந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அதனைக் காண வருவோர் இரு கைகளையும் அகல விரித்து நின்று, எத்தனை பேர் சேர்ந்தால் அடிமரத்தை வளைக்கலாம் என்று பார்ப்பதுண்டு. விரித்த இரு கைகளின் நீளந்தான் பாகம். பள்ளிமுனை மீனவர் கடலின் ஆழத்தைச் சொல்வதும் இதே பாகக் கணக்கில்தான். மரத்தின் பருமனுக்கும் கடலின் ஆழத்துக்கும் மனித உடம்பே அளவுகோலாயிற்று.

உடம்பைக் கொண்டு உலகை அளந்த மனிதன், தன் உடம்புக்கு அளவான கருவியைத் தேடிய வரலாறும் ஒன்றுண்டு. மன்னார்க் கடலில் அவ்வரலாற்றைக் காலிலிருந்து தொடங்குவதே பொருத்தம். முத்துக்குளித்தல் என்றதும் குளியாளின் மூச்சையும் கையையும் யாவரும் நினைப்பர். அவன் காலை நினைப்பார் சிலரே. அவனைக் கடலின் அடிக்குக் கொண்டு சென்றதோ அந்தக் கால்தான்.

மன்னார் வளைகுடாவின் முத்து மிகப் பழைய காலத்திலேயே உலகறிந்தது. கொற்கையின் முத்துக்குளிப்பைப் பற்றிக் கிரேக்க மாலுமிகளின் செங்கடற் செலவு நூல் சொல்கிறது. அங்கே தண்டனை பெற்ற கைதிகள் மூழ்குவிக்கப்பட்டனர் என்பது அந்நூலின் செய்தி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி வந்த மார்க்கோ போலோ, குளியாட்களையும், சுறாமீனைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு அளிக்கப்பட்ட பங்கினையும் குறித்துவைத்தார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. முத்துப் பார்கள் மாறவில்லை. சிலாபத்துறைக்கும் அரிப்புக்கும் எதிரே, 5 முதல் 10 பாக ஆழத்தில் அவை கிடந்தன. ஆங்கிலேயத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யவென அரிப்பில் ஒரு மாளிகையையே எழுப்பினார். இன்று அது இடிந்து, அல்லிராணிக் கோட்டை என்ற பெயரோடு கடலரிப்புக்கு ஆளாகி நிற்கிறது.

அக்காலக் குளிப்பின் முறையை, 1803இல் இலங்கை பற்றிய நூலொன்றை வெளியிட்ட இராபர்ட் பேர்சிவல் என்னும் படை அலுவலர் விளக்கமாக எழுதியுள்ளார். ஒரு தோணியில் தண்டலைத் தவிர 20 பேர் செல்வர். பத்துப்பேர் தண்டு வலித்துக் கயிறு பிடிப்போர், பத்துப்பேர் குளியாட்கள். ஐவர் மூழ்கும்போது ஐவர் இளைப்பாறுவர். தோணிக்கு ஐந்து கற்கள். கூம்பு வடிவான அக்கல்லின் தலையில் துளையிட்டுக் கயிறு கோத்திருக்கும். குளியாள் அக்கயிற்றை வலக்கால் விரல்களாற் பற்றுவான். சிப்பி அள்ளும் வலைப்பையை இடக்கால் விரல்களாற் பிடிப்பான். இந்நாட்டவர் தரையிற் கிடக்கும் சிறு பொருளையும் கால் விரலால் எடுக்க வல்லவர் என்று பேர்சிவல் வியக்கிறார். சப்பாத்துக்குள் அடைபட்டு வளர்ந்த கால் உடையவருக்கு அது வியப்பாய் இருந்ததில் வியப்பில்லை.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கற்கள் ஐந்து, குளியாட்களோ பத்துப்பேர். இப்போது மூழ்கியவன் விட்ட கல்லை அடுத்த முறை இன்னொருவன் பற்றுவான். ஒருவன் பாதம் நீண்டிருக்கும். மற்றவன் பாதம் அகன்றிருக்கும். ஆயினும் ஒரே கல் இருவருக்கும் பொருந்திற்று. கருவியிலே அளவு இல்லை. அளவு விரல்களிலேயே இருந்தது. பாரசீகக் குடாவிலிருந்து வந்த அராபியக் குளியாட்களோ கல்லின் மேலிருந்த கயிற்றுக் கண்ணியிற் பாதத்தை நுழைத்து இறங்கினர். கொம்பினாற் செய்த கவ்வியை மூக்கில் மாட்டினர். தமிழ்க் குளியாட்கள் மூக்கைக் கையாற் பொத்தினர். வயிற்றிலே பிறைவடிவான கல்லைக் கட்டிக்கொண்டு, கால்களை விடுவித்து மூழ்கியோரும் இருந்தனர் என்று பேர்சிவல் கூறுகிறார். ஒரே கடலில், ஒரே தொழிலுக்கு, உடம்பையும் கருவியையும் பொருத்துதற்கு இத்தனை வழிகள் இருந்தன.

சுமார் 30 இறாத்தல் நிறையுள்ள கல், மூழ்குபவனை விரைந்து கீழே கொண்டு செல்லும். அடியைத் தொட்டதும் அவன் காலை எடுத்துவிட வேண்டும். மேலே நிற்பவன் கல்லை இழுத்துக்கொள்வான். ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் பையை நிரப்பிக் கயிற்றை அசைக்க வேண்டும். கால் கயிற்றிற் சிக்கினால் அந்த நிமிடம் வீணாகும், உயிரும் போகலாம். ஆகவே நல்ல பொருத்தம் என்பதற்கு இரு இலக்கணங்கள் உண்டென்பதைக் குளியாள் அறிந்திருந்தான். பற்ற வேண்டிய போது நழுவாதிருத்தல் ஒன்று. விட வேண்டிய போது சிக்காதிருத்தல் மற்றொன்று.

19ஆம் நூற்றாண்டில் வேறொரு வகையான மூழ்கற் கருவி தோன்றிற்று. 1830களில் இலண்டனில் ஓகஸ்டஸ் சீபே என்பவர் செம்புத் தலைக்கவசமும் நீர்புகா உடையும் இணைந்த கருவியை அமைத்தார். மேலிருந்து குழாய் வழியே காற்று வரும். உடையினுள்ளே காற்று நிறைவதால் உடம்பு மிதக்கும். அதனைத் தாழ்த்த மார்பிலும் முதுகிலும் ஈயக்கட்டிகளும், பாதத்தில் ஈய அடியுள்ள சப்பாத்துக்களும் வேண்டியிருந்தன. ஒரு சப்பாத்து ஏறக்குறைய 16 இறாத்தல் இருக்கும். அது காலுக்குப் பொருந்தாது கழன்றால் நேரும் தீங்கு கொடியது. பாரமிழந்த கால் மேலெழும். காற்று அக்காலுடையினுட் பாயும். மூழ்கியவன் தலைகீழாய்க் கவிழ்வான். தன் கையாலே கல்லையும் கயிற்றையும் சரிபார்த்த குளியாளின் இடத்தில், பிறர் உடுத்திவிட்டுப் பிறர் கட்டிவிட்ட முடிச்சை நம்பி இறங்கும் மனிதன் தோன்றினான்.

ஆஸ்திரேலியாவின் புரூம் கரையிலும் தொரெசு நீரிணையிலும் இக்கருவியே முத்துச்சிப்பித் தொழிலை ஆண்டது. ஆழத்தில் நெடுநேரம் நின்று விரைந்து மேலேறியதால், அங்கே மூழ்கிய யப்பானியர் பலர் இரத்தத்திற் காற்றுக் குமிழி தோன்றும் நோயால் மாண்டனர். புரூமின் யப்பானிய இடுகாடு அதற்குச் சான்று. படிப்படியாக மேலேறும் முறையை வகுத்த ஹால்டேனின் அட்டவணை 1908இலேதான் வெளிவந்தது. மன்னாரிலோ வெறுங்காற் குளியாளே இறுதிவரை நிலைத்தான். ஆழம் குறைவு, குளிப்புக் காலம் சில வாரங்களே. நூற்றுக்கணக்கான தோணிகள் ஒருங்கே இறங்கும் பாரில், ஒருவனுக்கு ஒரு காற்றுப்பொறி என்பது நடவாத காரியம். ஆயினும் இறுதி வந்தது. ஹேர்ட்மனும் ஹோர்னலும் 1902 முதல் பார்களை ஆராய்ந்தனர். 1905இற் பெருங்குளிப்பு நிகழ்ந்தது. 1906இல் அரசாங்கம் பார்களை ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பின் சிப்பி வளம் குன்றியது. 1925இல் நிகழ்ந்த குளிப்போடு அப்பழைய தொழில் பெரும்பாலும் ஓய்ந்தது.

கல் தன்னைத் தாழ்த்தும். ஆனால் முன்னே செலுத்தாது. காலால் நீந்திச் செல்லும் கருவியை வேறு நாட்டார் தேடினர். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் இளமையிற் பாதத்தின் அடியில் பலகை கட்டி நீந்திப் பார்த்தார். அது மனநிறைவு தரவில்லை. நீரை உதைப்பது உள்ளங்கால் மட்டுமன்று, பாதத்தின் உட்புறமும் கணைக்காலுமே என்று அவர் கண்டார். 1933இற் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் லூயி த கோர்லியே இறப்பராலான காற்றுடுப்புக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அமெரிக்கரான ஓவன் சேர்ச்சில் அதனைப் பின்பற்றி 1940இல் விற்பனையைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரிற் கடற்படை மூழ்குவோர் அவற்றை அணிந்தனர். 1950களின் தொடக்கத்தில் இத்தாலியரான லூயிஜி பெராரோ, குதிகாலையும் சேர்த்துப் பாதம் முழுவதையும் மூடும் காற்றுடுப்பை அமைத்தார். அன்று தொட்டு மூழ்குவோனுக்கும் சப்பாத்து வாங்குவோனுக்கும் ஒரே தொல்லை ஏற்பட்டது. எத்தனையாம் இலக்கம் வாங்குவது?

இலக்கங்களின் வரலாறு விந்தையானது. ஆங்கிலேயரின் சப்பாத்து இலக்கம் ஒரு வாற்கோதுமை மணியின் நீளமாகிய மூன்றிலோர் அங்குலத்தால் ஏறுகிறது. ஐரோப்பியரின் இலக்கம் மூன்றில் இரண்டு சென்ரிமீற்றரால் ஏறுகிறது. இவை சப்பாத்தை நோக்கிய கணக்குகள். பிற்காலத்தில் வகுத்த மொண்டோபொயின்ற் என்னும் முறையோ பாதத்தையே மில்லிமீற்றரில் அளக்கிறது. பனிச்சறுக்குச் சப்பாத்துக்கு இம்முறையே வழங்குகிறது. அச்சப்பாத்து மிகக் கடினமானது. காலின் சிறு அசைவும் சறுக்குப் பலகைக்குச் செல்ல வேண்டும். எனவே உட்புறத்து மென்னுறையை வெளியே எடுத்து, வெற்றோட்டினுட் காலை விட்டு, விரல்நுனி முன்னே தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னே ஒன்று அல்லது இரண்டு விரல் அளவு இடமிருக்கிறதா என்று பார்ப்பது அந்நாட்டாரின் வழக்கம். விழும்போது கால் முறியாதபடி, சப்பாத்தைப் பலகையிற் பிணைக்கும் பூட்டுத் தானே விடுபடவும் வேண்டும். பனிமலையில் வாழ்வோரும் குளியாளின் அந்த இரண்டு இலக்கணங்களுக்கே வந்து சேர்ந்தனர்.

இலக்கம் நீளத்தைச் சொல்லும். அகலத்தைப் பெரும்பாலும் சொல்லாது. இளமை முதல் மணலில் வெறுங்காலோடு நடந்தவனின் பாதம், சப்பாத்துக்குள் வளர்ந்த பாதத்தினும் முன்புறத்தில் அகன்று, விரல்கள் பிரிந்து நிற்கும். 1992இல் இராவ், யோசேப் என்னும் இந்திய மருத்துவர் இருவர் 2300 சிறுவரின் பாதங்களை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்தோரில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப்பாதம் இருந்தது, அணியாதோரில் 2.8 பேருக்கே இருந்தது. வெறுங்கால் குறையுள்ள கால் அன்று. குறை, அக்காலை எண்ணாது வார்க்கப்பட்ட இறப்பர் அச்சிலே இருக்கக்கூடும்.

மன்னார்க் கரையில் இன்று கடலட்டைக்கும் சங்குக்கும் மூழ்குவோருக்கு இது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. இறுகிய காற்றுடுப்பு இரத்தவோட்டத்தைத் தடுத்துக் காற்றசையைப் பிடிக்கச் செய்யும். ஆழத்தில் தசை பிடித்தவன் பதறி விரைந்து மேலேறுவான். புரூமில் பலரைக் கொன்ற குமிழி நோய், காற்றுக்கலம் கட்டி மூழ்குவோருக்குக் காத்திருப்பது அந்த விரைவிலேதான். தளர்ந்த காற்றுடுப்போ தோலை உரிக்கும். அலையிற் கழன்றும் போகும். ஆகவே காற்றுடுப்பை வாங்குவோர் இரு காலிலும் அணிந்து பார்த்தல் வேண்டும். பெரிய காலுக்கே அளவு கொள்ளல் வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையிற் பார்ப்பதும், காலுறை அணிந்து மூழ்குவதானால் அதனோடு பார்ப்பதும் நன்று. விரல்கள் மடங்காது கிடக்க வேண்டும். காலை உதறினாற் குதிகால் எழும்பலாகாது. சிறிது நேரம் அணிந்திருந்த பின் மரத்துப்போதலும் ஆகாது.

இக்கடலின் அக்கரையில், இராமேசுவரம், கீழக்கரைப் பகுதிகளில், கடலட்டைக்கு மூழ்கியோர் கடைக் காற்றுடுப்புக்குக் காத்திருக்கவில்லை. அலுமினியத் தகட்டைத் துண்டாக்கிப் பாதத்திற் கட்டிக்கொண்டு மூழ்கினர். ஏழ்மை செய்த கருவி அது. எனினும் கட்டுபவனின் காலே அதற்கு அளவுகோல். கூம்புக் கல்லைக் கால் விரலாற் பற்றியவனின் அறிவும் இதுவே. கருவி வளர வளர, மனிதன் கருவிக்கு ஏற்பத் தன்னை ஒடுக்கிக்கொள்ளும் வழக்கமும் வளர்ந்தது. கடலோ அந்த ஒடுக்கத்தைப் பொறுப்பதில்லை.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 11 பாகம் வரும். ஆனால் அளப்பவன் நெடியவனாயின் பாகம் குறையும், குறியவனாயின் கூடும். மரம் மாறுவதில்லை. கடலுக்குச் செல்பவன் தன் உடம்பின் அளவைத் தானே அறிந்து செல்லல் வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட இலக்கம் அவனோடு கடலில் இறங்குவதில்லை.